காளி என்று பேர் வைத்த பேய்

எங்கள் வீட்டுக்குப் பேய் சாயங்காலம் நாலரை மணிக்கு வரும். கரண்ட் இருந்தால்.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டுக்குப் பக்கத்தில் ஏழு குடித்தனம் உள்ள ஒரு லைன் வீட்டில் மூன்றாவது வீடு எங்களுடையது. அப்பாவுக்கு ரோலிங் மில்லில் ஷிஃப்ட் வேலை. அம்மாவுக்கு வேறொரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாவி பக்கத்து வீட்டு ஆயாவிடம் இருக்கும். டப்பாவில் முறுக்கோ பொரியோ வைத்திருப்பார்கள். டிவி, கலைஞர் ஆட்சியில் வீட்டுக்கு வீடு கொடுத்த இலவசக் கலர் டிவி. அதைப் போட்டதும் ஒரு நீலப் பூனை வரும், அப்புறம் ஒரு நிஞ்ஜா வருவான், அப்புறம் இடுப்பை ஆட்டிக்கொண்டு அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் வருவான். மூன்று பேரும் நல்ல தமிழில் பேசுவார்கள். அம்மாவுக்கு ஓ.டி. இல்லையென்றால் ஆறு மணிக்கு வருவார். இருந்தால் எட்டு. எட்டு மணிக்கு நான் பெரும்பாலும் டிவிக்கு முன்னால் பாயில்லாத தரையில் தூங்கிப் போயிருப்பேன்.

பக்கத்து வீட்டு ஆயா இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருந்தார்: பூதம். "டேய், அந்தப் பூதத்தை நிறுத்திட்டு வந்து சாப்பிடுடா." சன் டிவியில் அதற்குச் சில வருஷம் முன்னால் 'மை டியர் பூதம்' ஓடியது. அதில் வரும் மூசா என்கிற குட்டிப் பூதம்தான் ஆயாவுக்கு அளவுகோல். டோரேமான் அவருக்கு நீலநிற மூசா. நாங்கள் சிரிப்போம். டோரேமான் பூதம் இல்லை ஆயா, அது ரோபோ, எதிர்காலத்திலேர்ந்து வந்திருக்கு என்று விளக்குவோம். பல வருஷம் கழித்து இந்தக் கார்ட்டூன்களின் வரலாற்றைப் படித்தபோதுதான் ஆயா சொன்னது சரி என்று தெரிந்தது. டோரேமானுக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவன் அசல் பேய்.

அவன் பெயர் க்யூ-தாரோ. ஃபுஜிக்கோ ஃபுஜியோ என்ற ஒரே பெயரில் எழுதிய இரண்டு நண்பர்கள், ஹிரோஷி ஃபுஜிமோட்டோவும் மோட்டூ அபிக்கோவும், 1964இல் அவனை உருவாக்கினார்கள். 'ஓபாகே நோ க்யூ-தாரோ' என்று தொடரின் பெயர். ஓபாகே என்றால் பேய். ஷோதா என்ற சாதாரணப் பையனுக்குக் காட்டில் ஒரு முட்டை கிடைக்கிறது. உடைத்தால் உள்ளேயிருந்து வெள்ளைத் துணி போர்த்தியது மாதிரி ஒரு பேய் எட்டிப் பார்க்கிறது. தலையில் மூன்றே மூன்று முடி. பறக்கத் தெரியும், மறையத் தெரியும், அதற்கு மேல் பெரிய வித்தை எதுவும் தெரியாது. சோறு மட்டும் அண்டா அண்டாவாக உள்ளே போகும். நாயைக் கண்டால் நடுங்கும். அந்தப் பேய் ஷோதாவின் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பயந்து ஓட வேண்டிய குடும்பம் கூடுதலாக ஒரு தட்டு வைக்கிறது. அடுத்த வருஷமே, 1965இல், அது டிவி தொடராகி ஜப்பான் குழந்தைகளிடையே பெரிய அலையாக அடித்தது.

இந்தச் சட்டகத்தை அந்த இரண்டு பேரும் பிறகு விடவே இல்லை. அபிக்கோவின் ஹட்டோரி ஒரு சாதாரண வீட்டில் வந்து ஒண்டிக்கொள்ளும் நிஞ்ஜா, தவளையைக் கண்டால் பயம். ஃபுஜிமோட்டோ 1969இன் கடைசியில் தொடங்கிய டோரேமான் ஒரு சாதாரண வீட்டில் வந்து ஒண்டிக்கொள்ளும் ரோபோ பூனை, எலியைக் கண்டால் பயம். கிட்டெரெட்சுவின் கோரோசுகேயும் அதே ஜாதி. நம் ஊரில் ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிவிடும் என்பார்கள். ஜப்பானில் ஒண்ட வந்த பிடாரி அடுக்களையில் திருடித் தின்று, வீட்டுப்பாடம் செய்ய உதவுகிறேன் பேர்வழி என்று சொதப்பி, கடைசியில் அந்த வீட்டுப் பையனுக்காக அழும். நாலரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் க்யூ-தாரோவின் தம்பிகள்தான். (ஷின்-சான் வேறு கணக்கு. யோஷிட்டோ உசுய் 1990இல் பெரியவர்களுக்கான பத்திரிகையில் வரைந்த பையன் அவன். இந்தியாவில் 2006இல் ஹங்காமாவில் வந்து, பெற்றோர்கள் புகார் சொன்னதால் 2008இல் நிறுத்தப்பட்டு, அடுத்த வருஷம் வெட்டி ஒட்டிய வடிவில் திரும்பி வந்தான். அந்த இடைவெளியை எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகள் ஒரு துக்க காலம் மாதிரி அனுசரித்தோம். அவனும் ஒரு பேய்தான் என்பது எங்கள் அம்மாக்களின் ஏகோபித்த கருத்து.)

தமிழுக்கும் இந்தச் சட்டகம் புதிதில்லை. 1967இல் 'பட்டணத்தில் பூதம்' வந்தது. ஜாவர் சீதாராமன் மொட்டைத் தலையோடு ஜீபூம்பாவாக வந்து நல்லது செய்யப் போய் எஜமானர்களை மாட்டிவிடுவார். ஆனால் அது வளர்ந்த பூதம். பூதத்தையே குழந்தையாக்கியது கேரளம். 1984இல் நவோதயா அப்பச்சன் தயாரித்து ஜிஜோ இயக்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். மந்திரவாதியிடம் அடிமையாக இருக்கும் சாத்தானை மூன்று குழந்தைகள் விடுவிக்கிறார்கள். அது அவர்களோடு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது. அறைச் சுவரில் நடக்க வைக்கிறது. மூசா அந்த வழியில் வந்தவன். எங்கள் அம்மா தலைமுறைக்கு இதற்கும் முன்னால் ஒன்று இருந்தது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொன்ன வேதாளம். சங்கர் வரைந்த அந்தப் படத்தில் வேதாளத்தைப் பார்த்து யாரும் பயந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

எல்லாம் சரி. ஆனால் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. இவை எல்லாம் வெளியூர்ச் சரக்கு. ஜப்பான் கார்ட்டூன், கேரளத்துச் சாத்தான், அரபுக் கதையிலிருந்து வந்த ஜாடிப் பூதம், வடக்கேயிருந்து வந்த வேதாளம். எங்கள் மாவட்டத்துக்கு எல்லாமே வெளியிலிருந்துதான் வரும் என்பது பழகிப்போன விஷயம். ஜப்பானே எங்களுக்கு முதலில் காராகத்தான் வந்தது. 1998இல் திருவள்ளூர் பக்கத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் செய்ய ஆரம்பித்தார்கள். இப்போது கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலேயே மஹிந்திராவும் சுமிட்டோமோவும் சேர்ந்து போட்ட தொழிற்பூங்கா இருக்கிறது. அந்தப் பக்கம் டீக்கடைப் பையன் 'அரிகாத்தோ' சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். இரும்பு வருகிறது, இயந்திரம் வருகிறது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பேய் மட்டுமாவது உள்ளூரில் இல்லையா?

இருந்தது. தேடிப் போன இடம் திருவாலங்காடு.

ஒரே மாவட்டம்தான். ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் போவதென்றால் சென்ட்ரல் வரைக்கும் போய், மாறி, அரக்கோணம் வண்டியில் மறுபடி மேற்கே வர வேண்டும். ஒரு கையின் இரண்டு விரல் மாதிரி இரண்டு ரயில் பாதை. இந்த விரலில் இருப்பவன் அந்த விரலுக்குப் போக மணிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். இருபது வருஷம் இந்த மாவட்டத்திலேயே வளர்ந்தும் நான் அங்கே போனதில்லை என்பதற்கு இது ஒரு சால்ஜாப்பு. இன்னொரு காரணம் பாடப்புத்தகம். கல்லூரி முதல் வருஷத் தமிழில் காரைக்கால் அம்மையார் வந்தார். மாம்பழம் வந்தது, புருஷன் பயந்து ஓடியது வந்தது. பேய் வரவில்லை. ஐந்து மார்க் கேள்விக்கு மாம்பழம் போதுமானதாக இருந்தது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். காரைக்காலில் புனிதவதி என்ற வணிகக் குடும்பத்துப் பெண். அவள் கையில் மாம்பழம் வந்த அற்புதத்தைப் பார்த்து மிரண்ட கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொள்கிறான். அங்கே பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர்கள் இவளை அங்கே கூட்டிக்கொண்டு போனதும், புது மனைவியோடும் அந்தக் குழந்தையோடும் வந்து இவள் காலில் விழுகிறான். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அதைக் கழற்றிப்போட்டுவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். கயிலாயத்துக்குத் தலையால் நடக்கிறாள். தாய் தகப்பன் இல்லாத சிவன் அவளை 'அம்மையே' என்று கூப்பிடுகிறார். திருவாலங்காட்டில் அவர் ஆடும்போது காலடியில் இருந்து பாடுகிறாள். இவ்வளவும் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதியது. அம்மையாரின் காலம் 6ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. நடுவில் அறுநூறு வருஷம்.

சேக்கிழாரை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய பாட்டை மட்டும் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறார். ஆலங்காட்டைப் பற்றி அவர் பாடிய இரண்டு பதிகங்கள் 'மூத்த திருப்பதிகம்' என்று வழங்குகின்றன. அவற்றின் முடிவில் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். ஒவ்வொரு பாட்டிலும் இடம் சுடுகாடு. பாட்டின் பெரும்பகுதியில் பேய்கள் ஏதாவது செய்துகொண்டிருக்கும். கடைசியில்தான் அந்தக் காட்டில் எங்கள் அப்பன் ஆடுகிறான் என்று முடியும். உரையாசிரியர்கள் இயல்பாகவே கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். முன்பகுதி அச்சம், அருவருப்பு, நிலையாமை என்ற தலைப்புகளுக்குக் கீழே போய்விட்டது. நான் படித்தபோது அச்சம் வரவில்லை. நாலரை மணி ஞாபகம் வந்தது.

ஒரு பாட்டில் ஒரு பெண் பேய் கள்ளிச் செடியின் கவட்டில் காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் எரிந்து முடிந்த கொள்ளிக்கட்டையை எடுத்து மசித்து மை ஆக்குகிறது. கண்ணுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வெடவெடவென்று சிரிக்கிறது. உடனே எதையோ பார்த்து மிரண்டு துள்ளுகிறது. துள்ளிய இடம் சிதை, சுட்டுவிடுகிறது. சுட்டதும் வருகிற கோபத்தைப் பாருங்கள், மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுத் தீயையே அணைக்கிறது. ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்துப் பாருங்கள். அலங்காரம், தற்பெருமை, திடுக்கிடல், பின்பக்கம் சுட்டுக்கொள்ளுதல், தீயோடு சண்டை. எந்த ஸ்டூடியோவிலும் இதை அப்படியே வரையக் கொடுக்கலாம்.

இன்னொரு பாட்டில் ஒரு பேய்க்கு, எதிரே கிடப்பது செத்த பிணம்தானா என்று சந்தேகம். கிட்டே போய் விரலை நீட்டிப் பார்க்கிறது. கத்துகிறது, உறுமுகிறது, நெருப்பை எடுத்து வீசுகிறது. பிணம் பிணமாகவே கிடக்கிறது. பேய்க்குப் பீதி தாங்கவில்லை. ஒரே தாவாகத் தாண்டி, குழிந்த வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடுகிறது. அது ஓடுவதைப் பார்த்து மற்றப் பேய்கள் எல்லாம், விஷயம் என்னவென்றே தெரியாமல், சிதறி ஓடுகின்றன. பிணத்தைப் பார்த்துப் பயப்படும் பேய்! நாயைப் பார்த்துப் பயப்படும் க்யூ-தாரோவுக்கு ஆயிரத்து நானூறு வருஷம் மூத்த அக்கா.

பக்திப் பாடலில் நகைச்சுவை தேடுகிறானே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்மையாரின் பேய்கள் வேடிக்கைப் பொம்மைகள் இல்லை. முதல் பாட்டிலேயே வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணுமாக ஒரு பெண் பேய் வருகிறது. அது பசியின் உடம்பு. பசியை நேரில் பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும். ஆனால் அந்தப் பசித்த உடம்புகள் மை இட்டுக்கொள்வதை, மிரள்வதை, கோபித்துக்கொள்வதை எல்லாம் அவர் பார்க்கிறார். சங்கப் பாடல்களில் போர்க்களத்துப் பேய்மகள் வருவாள், ஆடுவாள், போய்விடுவாள். அவளுக்கு வீடு கிடையாது. அம்மையார்தான் சுடுகாட்டைப் பேய்களின் குடியிருப்பாகப் பார்க்கிறார். அங்கே குடும்பம் நடக்கிறது.

குடும்பம் என்றால் பிள்ளை இருக்க வேண்டுமே. இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு பேய்த் தாய். பிணத்தின் கொழுப்பை விழுங்கிவிட்டு, மண்டையோட்டு மாலையை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைக்கிறாள். சீராக வளர்க்கிறாள். அதன் மேல் ஒட்டிய புழுதியைத் துடைக்கிறாள். பால் கொடுக்கிறாள். பிறகு எங்கேயோ போகிறாள். எங்கே என்று பாட்டு சொல்லவில்லை. பிள்ளை அம்மா வருவாள் என்று பார்க்கிறது. வரவில்லை. அழுது அழுது அப்படியே தூங்கிப் போகிறது. அந்தச் சுடுகாட்டில் அப்பன் ஆடுகிறான்.

நான்கே வரி. முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். புழுதி துடைப்பதுதான் என்னைக் கவிழ்த்தது. சுடுகாட்டில் வசிக்கும் பேய்க்குத் தன் பிள்ளை மேல் புழுதி இருக்கக்கூடாது. எங்கள் லைன் வீட்டில் கொடியில் காயப்போட்ட துணி மேலெல்லாம் ரோலிங் மில் கரி படிந்திருக்கும். அம்மா வேலைக்குக் கிளம்பும் முன்னால் என் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைப்பார், தோல் எரியும். அப்புறம் போவார்.

அந்தப் பெயரையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திருவாலங்காட்டின் தலபுராணப்படி அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரி காளி. சிவனோடு போட்டி போட்டு ஆடி, அவர் காலைத் தலைக்கு மேல் தூக்கியதும் தோற்றவள். நடராசரின் ஐந்து சபைகளில் இது இரத்தின சபை, ஜெயித்தவருக்கு. பேய் தன் பிள்ளைக்குத் தோற்றவளின் பெயரை வைத்திருக்கிறது. புராணம் எழுதப்பட்டதற்கு முன்பே இந்தக் கதை அங்கே வழங்கியதா, அல்லது காளி என்பது அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பெயரா என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் மனசு போவது வேறு பக்கம். சேக்கிழார் சொல்லும் வாழ்க்கையில் அம்மையாருக்குக் குழந்தை இல்லை. அவர் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு குழந்தை மட்டும் பாண்டி நாட்டில் இருந்தது, இன்னொருத்தி பெற்றது. பெயர் வைத்தவன் விட்டுவிட்டு ஓடியவன். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு மறுபடி பாட்டுக்கு வந்தால், பெயர் வைக்கும் பேயின் குரல் கொஞ்சம் மாறிக் கேட்கிறது. அறுநூறு வருஷம் கழித்து வந்த கதையைக் கொண்டு பாட்டைப் படிப்பது முறையில்லை என்று தெரியும். முறையில்லாமல்தான் படிக்கிறேன்.

ஜப்பானிலும் இப்படி ஒரு தாய் இருக்கிறாள். அங்கே அவளை 'பிள்ளை வளர்க்கும் பேய்' என்கிறார்கள். ராத்திரி கடை சாத்தும் நேரத்துக்கு வெளிறிய முகத்தோடு ஒரு பெண் மிட்டாய் வாங்க வருவாள். தினமும் வருவாள். கடைக்காரர் சந்தேகப்பட்டுப் பின்னால் போனால் அவள் ஒரு கல்லறையில் மறைந்துவிடுவாள். உள்ளேயிருந்து அழுகுரல். தோண்டிப் பார்த்தால் செத்த தாயின் பக்கத்தில் உயிரோடு ஒரு குழந்தை. கியோட்டோவில் இந்தக் கதையின் பெயரைச் சொல்லியே இன்னமும் மிட்டாய் விற்கும் கடை இருக்கிறது. 1930களில் படச்சட்டங்களைக் காட்டித் தெருவில் கதை சொன்னவர்கள் இதிலிருந்து கல்லறையில் பிறந்த கிட்டாரோ என்ற பையனை உண்டாக்கினார்கள். போரில் இடது கையை இழந்து திரும்பிய ஷிகெரு மிசுகி அவனை எடுத்து வரைந்தார். 1968இல் அவன் டிவிக்கு வந்தான். ஆக, ஜப்பானியப் பேய்ப் பிள்ளைகளில் ஒருவன் முட்டையிலிருந்து வந்தான், இன்னொருவன் திரும்பி வந்த தாயிடமிருந்து வந்தான். அந்தத் தாய் செத்த பிறகும் தினமும் வருகிறாள். ஆலங்காட்டுத் தாய் போனவள், பாட்டு முடியும் வரை வரவில்லை.

திருவாலங்காட்டுக்குப் போன அன்றைக்கு வெயில். கோயிலில் கூட்டமில்லை. அம்மையாரைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் பழையனூருக்குப் போனேன். பழையனூர் சாதாரண ஊரில்லை. முதலாம் இராஜேந்திர சோழன் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த ஊர். 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அந்தக் கொடையைத்தான் பதிந்து வைத்திருக்கின்றன. 31 ஏடுகள். சோழ வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த ஏடுகளைத் தொடாமல் போக முடியாது. ஆனால் ஊரின் பெயர் தமிழர் வாயில் நிற்பது அந்தக் கொடையால் இல்லை, ஒரு பேயால். நீலி.

நீலிக்கண்ணீர் என்கிறோமே, அந்த நீலி. முற்பிறவியில் கட்டினவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடி வருகிறாள். அவன் கையில் மந்திரித்த கத்தி இருப்பதால் நெருங்க முடியவில்லை. வழியில் ஒரு கள்ளிக் கொம்பை ஒடிக்கிறாள். அது குழந்தையாகிறது. இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூர் வேளாளர் சபைக்கு வந்து, என் புருஷன் என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகிறான் என்று அழுகிறாள். வணிகன் இவள் பேய் என்று கதறுகிறான். சபைக்குக் குழப்பம். குழந்தையை இறக்கி விடுகிறார்கள். அது நேராக வணிகனிடம் போய் அப்பா என்று ஒட்டிக்கொள்கிறது. தீர்ந்தது வழக்கு. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மனைவியோடு இரவு தங்கு, உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தர் ஆலங்காட்டைப் பாடும்போதே இந்த வஞ்சத்தைக் குறிப்பிடுகிறார், ஆக 7ஆம் நூற்றாண்டிலேயே ஊரறிந்த கதை.

எழுபது பேருக்கு அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. வாக்குத் தவறாமை என்று வரலாறு அவர்களைக் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். நீலிக்கும் பழமொழியில் இடம் கிடைத்துவிட்டது. எனக்குக் கேட்கத் தோன்றியது அந்தக் கள்ளிக் குழந்தையைப் பற்றி. மறுபடி கொம்பாகிவிட்டது என்று சும்மா விட்டுவிடுகிறோம். ஒரு ராத்திரி அது குழந்தையாக இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் ஒருத்தர் மடியில் உட்கார்ந்து அப்பா என்று சொல்லியிருக்கிறது. அதைப் பொய் என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மையாரின் பேய் காலை நீட்டி உட்கார்ந்து மை இட்டுக்கொண்டதும் ஒரு கள்ளிச் செடியில்தான். இரண்டும் ஒரே காட்டுக் கள்ளி.

இதற்குப் பிறகு தமிழில் பேய்கள் கொழுத்தன. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் காளியின் அரண்மனை முழுக்கப் பேய்கள். போர் இல்லாததால் பட்டினி, போர் வந்ததும் கூழ் காய்ச்சுகின்றன. சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், கர்ப்பிணிப் பேய் என்று பந்தி விசாரித்துப் பரிமாறுகிறார்கள். இமயத்திலிருந்து வந்த கிழட்டுப் பேய் ஒன்று கற்றுக்கொண்ட மாயவித்தையெல்லாம் காளிக்குச் செய்து காட்டுகிறது. பிரமாதமான நகைச்சுவை, மறுக்கவில்லை. ஆனால் அது அரசவை நகைச்சுவை. அந்தப் பேய்கள் சிரிக்கவைக்க வேண்டும், ஏனென்றால் அவற்றின் விருந்து எதிரி நாட்டின் பிணங்கள். பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகையே வந்தது, முருகனும் மீனாட்சியும் சப்பாணி கொட்டினார்கள், முருகன் சிற்றில் சிதைத்தான். குறும்பு தெய்வக் குழந்தைகளின் சொத்தாயிற்று. பேய்ப் பிள்ளைக்கு யாரும் பிள்ளைத்தமிழ் பாடவில்லை. அது தாலாட்டுகளில் பூச்சாண்டியாகி, சோறு உண்ணாத பிள்ளைகளைப் பிடித்துப்போக வந்தது. காளி என்ற அந்தக் குழந்தை வளர்ந்து என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் அதுதானோ என்னவோ.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். லைன் வீட்டில் பழைய ஆட்கள் இரண்டு குடும்பம்தான். மற்றதெல்லாம் வடக்கேயிருந்து வந்தவர்கள். நாங்கள் இருந்த மூன்றாவது வீட்டில் ஒடிசாக் குடும்பம். வாசற்படியில் ஆறேழு வயசுப் பையன் ஒருத்தன் போனில் ஷின்-சான் பார்த்துக்கொண்டிருந்தான், இந்தியில். நான் எட்டிப் பார்த்ததும் போனைக் கொஞ்சம் சாய்த்து எனக்கும் காட்டினான். ஷின்-சான் அம்மாவிடம் மண்டையில் குட்டு வாங்கும் இடம். அந்த வீக்கத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். "அம்மா எங்கே?" என்றேன். "கம்பெனி" என்றான், தமிழில். அந்த வார்த்தைக்கு எந்த மொழியும் வேண்டியதில்லை.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை, முட்டி வலி. வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உருவிப் போட்டபடி இந்தப் பாட்டைச் சொன்னேன். பேய் பெயர் வைத்தது, புழுதி துடைத்தது, பால் கொடுத்தது, போனது, பிள்ளை அழுது தூங்கியது. அம்மா கையை நிறுத்தவில்லை.

"அப்புறம் அவ வந்தாளா?"

"அது பாட்டுல இல்லம்மா. அதுக்குள்ள சாமி ஆட வந்துடறார்."

"புள்ள அழுதுட்டுத் தூங்குது, இவரு ஆடறாரா?"

"ஆமா."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஈர்க்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துப் பூச்சி இருக்கிறதா என்று திருப்பினார்.

"வந்திருப்பா," என்றார். "அன்னிக்கு ஓ.டி. போட்டிருப்பாங்க."